வரிசையில் முன்னே போனவர்கள்

2021 ஏப்ரல் கடைசியில் நாட்டின் ஒருநாள் தொற்று நான்கு லட்சத்தை எட்டியது. முதலில் திணறிய ஊர்களில் புனேயும் ஒன்று. அங்கே பாணேர் பகுதியில் 2020-லேயே மாநகராட்சியின் கோவிட் மருத்துவமனை வந்துவிட்டது. எங்கே எத்தனை படுக்கை காலி என்று காட்டும் இணையப் பக்கமும் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் காலி என்று காட்டும் படுக்கை, போன் செய்து கேட்டால் பல நேரம் இருக்காது. அந்த இடைவெளியில்தான் தன்னார்வலர்கள் நுழைந்தார்கள். எண் எண்ணாகக் கூப்பிட்டு, கிடைத்த பதிலை நேரம் குறித்து வாட்ஸ்அப்பிலும் ட்விட்டரிலும் போட்டார்கள். இணையத்தில் இப்படி உதவி கேட்டுப் பதிவிடுபவர்கள் மீது நடவடிக்கை கூடாது என்று ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் உண்மை. ஆனால் படுக்கை ஒன்று, கேட்பவர் பத்துப் பேர் என்றால், அந்தத் தகவல் வரிசையைக் குறைப்பதில்லை. ஒருவரை முன்னே நகர்த்துகிறது, அவ்வளவுதான். நகர்ந்தவர் பெரும்பாலும் ட்வீட் போடத் தெரிந்த பிள்ளையைப் பெற்றவர். இன்னாரைத் தள்ளிவிடுகிறோம் என்று தன்னார்வலருக்குத் தெரியாது. தள்ளப்பட்டவருக்கும் தெரியாது.

தடுப்பூசியில் இது இன்னும் வெளிப்படையாக நடந்தது. மே தொடக்கத்தில் 18 முதல் 44 வயதினருக்கு அரசின் கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயமாக இருந்தது. ஊசிக்கான இடம் திறந்ததும் டெலிகிராமில் தெரிவிக்கும் வசதியைச் சென்னை மென்பொருளாளர் பெர்ட்டி தாமஸ் இலவசமாகவே தந்தார். நல்ல மனம்தான். ஆனால் அத்தகைய வசதிகளைக் கொண்டு நகரத்தார் காரேறிக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை போனார்கள். உள்ளூர்க்காரர் வாசலில் நின்றார். பிழை, இணையத்தையே வாசலாக வைத்த அரசின் கொள்கையில். மே 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதைத்தான் கேட்டது.

அதற்காகத் தன்னார்வலர் கைகட்டி நின்றிருக்க வேண்டுமா? கூடாது. கண்முன் மூச்சுத் திணறுபவரிடம் சமநீதி பேசுவது ஒருவகைக் கொடுமை. கேட்டவருக்குக் கொடுத்ததில் குற்றமில்லை. கேட்கத் தெரியாதவரைத் தேடிப் போகாததில்தான் குறை. அடுக்குமாடியில் பாத்திரம் தேய்க்க வந்தவரை ஊரடங்கில் வர வேண்டாம் என்று சொன்ன வீடுகள் எத்தனையோ. அவர் போன் எண் அந்த வீடுகளில்தான் இருந்தது. அதைக் கூப்பிட்டு, "வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்க எந்தச் செயலியும் தேவைப்பட்டிருக்காது.