மழையின் குற்றமா, மடையின் குற்றமா?

வியாபாரச் சகோதரர்களாகிய நம்மிடம் எப்போதும் கைகொடுக்கும் ஒரு சொல் உண்டு. ‘காலம் சரியில்லை’ என்பதே அது. சரக்குத் தேங்கினாலும் காலம் சரியில்லை. நிலுவை வசூலாகாவிட்டாலும் காலம் சரியில்லை. நாமும் அதைச் சொல்லிப் பழகியவர்களே. ஆயினும், செராஸில் நாம் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறத்தில் நான்கு பாய் விரிக்கும் அளவுள்ள மண்ணில் தோட்டம் போடத் தொடங்கியபின், அச்சொல்லைச் சொல்ல வாயெடுக்கும்போது நாக்குச் சற்றே தயங்குகிறது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. மளிகைக் கடைகளுக்குத் திறக்க அனுமதி கிடைத்தது, துணிக்கடைகளுக்கு இல்லை. ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துச் சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டதை நம்மில் யார் மறப்பர்? அவ்வாண்டுப் பெருநாள் வியாபாரம் போனது போனதுதான். வீட்டில் அடைபட்டிருந்த அந்நாட்களில்தான் மண்வெட்டியைக் கையிலெடுத்தோம்.

ஊரில் கற்ற பாடம் இங்கே உதவவில்லை. நாகைப் பக்கத்தில் பிறந்த நமக்குத் தெரிந்த மழை ஐப்பசி, கார்த்திகை மழை. ஆண்டு மழையில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதங்களில் வந்து தீர்ந்துவிடும். மற்ற நாளெல்லாம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதே. கோலாலம்பூரிலோ ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் லுஹர் வரை வெயில் கொளுத்தும். அஸருக்குப் பின் இடியோடு கொட்டும். ஜூன், ஜூலையில் மழை குறையும். சில நாள் விட்டால் மண் வெடித்துவிடும். அந்த மண்ணும் வீடு கட்டுவதற்காக மேட்டைச் சீவி நிரப்பிய களிச் செம்மண். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல்.

அதில் மிளகாயும் முருங்கையும் வைத்தோம். மிளகாய் பூவெடுக்கும் சமயம் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. பதினான்கு செடியும் ஒரு வாரத்துக்குள் வாடிச் சாய்ந்தன. முருங்கைக் கன்று வேர் அழுகிப் போயிற்று. “மழை கெடுத்துவிட்டது” என்று பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவரிடம் முறையிட்டோம். நாம் பாக்சிக் என்றழைக்கும் அவர் வேலிக்கு அப்பால் நின்றபடி, “என் வீட்டிலும் அதே மழைதானே பெய்தது?” என்றார். எட்டிப் பார்த்தோம். அவர் வீட்டு மிளகாய் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணை ஒன்றரைச் சாண் உயரத்துக்கு மேடாக அணைத்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தார். நம் பக்கமோ தட்டையான தரை. நீர் வெளியேறும் மடையின் வாயை நாமே கழித்துப் போட்ட இலைகள் அடைத்திருந்தன.

வெட்கமாகத்தான் இருந்தது. அதன்பின் ஒரு சமயத்தில் ஒரு மேடை என்று மெல்ல மெல்லக் கட்டினோம். தேங்காய் நார்த்தூள், ஆட்டெரு, மக்கிய இலை மூன்றும் கலந்தபின் களிமண் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நீர் தேங்கும் பள்ளத்தில் கங்கோங் கீரை போட்டோம். முருங்கையைக் கொன்ற அதே ஈரத்தில் அது நான்கு வாரத்தில் அறுப்புக்கு வந்தது! கறிவேப்பிலை மட்டும் இன்றுவரை அவசரமே காட்டுவதில்லை.

2021 டிசம்பர் 18ஆம் தேதி ஒரு மாதத்து மழை ஒரே நாளில் பெய்தது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். நம் மேடைகள் கரைந்தன, பாக்சிக்குடையவையும் கரைந்தன. அன்று யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை. 1971 ஜனவரி வெள்ளத்தில் மூழ்கி எழுந்த இந்நகரம், 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளச் சுரங்கத்தையே திறந்து வைத்திருந்தது. அவ்வளவு பெரிய மடைக்கும் ஒரு எல்லை இருக்கவே செய்கிறது.

நிற்க. நம் பேரேட்டுக்கு வருவோம். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு திருமறை பணிக்கிறது. வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்று நபிமொழி கண்டிக்கிறது. இரண்டும் நமக்கு மனப்பாடம். ஆனால், எதிரில் நிற்பவர் இவ்விருவரில் யார் என்று எப்படி அறிவது? நாம் தொலைபேசியில் கேட்ட குரலைக் கொண்டே தீர்ப்பளித்து வந்தோம். பாக்சிக்கோ வேலிக்கு அருகில் வந்து பார்த்தபின் பேசியவர்.

நாமும் நேரில் போனோம். ‘காலம் சரியில்லை’ என்று உருக்கமாகச் சொல்லி நம்மிடம் ஈராண்டு அவகாசம் பெற்றவர், கடை முகப்புக்குப் புதுக் கண்ணாடி போட்டு, இரண்டாவது கடைக்கு முன்பணமும் கட்டியிருந்தார். எதுவும் சொல்லத் தெரியாமல் நம் சிப்பந்தியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த துணிக்கடைக்காரரிடமோ 2020 பெருநாள் சரக்கு அப்படியே அடுக்கிக் கிடந்தது. பின்னறையில் அவர் மனைவி கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தார். நாம் காட்டிய தயவும் கடுமையும் ஆள் மாறிப் போயிருந்தன.

அத்துடன் முடிந்ததா? இல்லை. தேவைக்கு மேல் ஏன் சரக்கெடுத்தீர் என்று அவரைக் கேட்டோம். அவர் தலைகுனிந்து, “நீங்கள்தானே நானா, பெருநாள் வருகிறது, இன்னும் இருபது கட்டு எடுத்துப் போடு என்றீர்கள்” என்றார். உண்மைதான். நம் கிட்டங்கியைக் காலி செய்யும் அவசரத்தில் சொன்னது. ஊரடங்கை நாம் அனுப்பவில்லை. எனினும் அவருடைய மடையை அடைத்த இலைகளில் நம் கை கழித்துப் போட்டவையும் இருந்தன.

அவர் தரவேண்டியது 8,400 வெள்ளி. அதில் நம் பங்கு எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது? அந்த இருபது கட்டின் விலையைக் கழித்துக்கொள்வோம் என்றோம். அவர் சம்மதிக்கவில்லை, வாங்கியது வாங்கியதுதான் என்கிறார். மாதம் 200 வெள்ளி கொண்டுவந்து கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்தக் கழிவைப் பற்றிப் பேச்செடுக்கிறோம். ஒவ்வொரு முறையும் மறுக்கிறார்.