பரிந்து பேசுதலும் கடமையே

துன்புற்று வந்தோரின் குறையைச் செவிமடுத்து ஆறுதல் கூறுவதோடு மனநல ஆலோசகரின் பணி முடிந்துவிடுமா? அத்துன்பத்தின் காரணத்தை நீக்குமாறு உரியவர்களிடம் எடுத்துரைப்பதும் அவர் கடமையா? இதனை நாம் சற்றே சிந்திக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். நெடுங்காலம் பேருந்து ஏறாதிருந்த மலை அது. அங்கிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். படிப்பில் மனம் செல்லவில்லை என்கிறாள். பரிவோடு வினவினால், கோட்டாட்சியர் வழங்க வேண்டிய சாதிச் சான்றிதழ் வாராமையால் மேற்படிப்பு கைநழுவுமோ என்னும் அச்சமே காரணம் எனத் தெரிகிறது. "மனம் தளராதே" என்று மட்டும் கூறி அனுப்பினால், அலுவலகத்தின் தாமதத்தை அவள் மனத்தின் குறையாக்கி விடுகிறோம் அன்றோ?

ஆலோசகர் நடுநிலை காக்க வேண்டும் என்பர் சிலர். மாணவியின் ஒப்புதலின்றி அவள் துயரை வெளியிடுதல் தகாது என்பது மெய்யே. அவளே பேச வல்லவளாயின் துணைநின்றால் போதும். இயலாதபோதே அவள் சார்பில் பேச வேண்டும். அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2003-இல் ஏற்ற நெறிகளும் இவ்விரண்டையும் பிரித்தே கூறுகின்றன.

ஓரிடத்தில் மட்டும் மௌனத்திற்கு இடமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரை சிறை. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கோ ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பொறுப்பு உயர உயர மௌனத்தின் பழியும் மிகுகின்றது.

மேற்பார்வையாளரின் கடமை இங்கேதான் விளங்கும். குறையைச் சுட்டத் துணியும் இளம் ஆலோசகரிடம் "நமக்கேன் வம்பு?" என்பவர் இருவர் வாயை அடைக்கிறார்: அவ்வாலோசகர் ஒருவர், அவரை நம்பி வந்த குழந்தை மற்றொருவர். எழுதவேண்டிய மடலைத் திருத்தித் தந்து, தம் கையொப்பத்தையும் இட்டு, வரும் எதிர்ப்பைத் தாமே முன்னின்று ஏற்பவரே மேற்பார்வையாளர்.

தீங்கு செய்யாதிருத்தல் அறத்தின் தொடக்கம். நிகழும் தீங்கைத் தடுக்க வாய்திறத்தல் அதன் தொடர்ச்சி. நம் குடும்பங்களில் ஆசிரியர்களும் அலுவலர்களும் பலர் உள்ளனர். ஒரு குழந்தையின் பொருட்டு எழுதப்பட்ட மடல் நம் மேசைக்கு வருமாயின், அதனை அன்றே படித்து ஆவன செய்வோமாக.