படகும் ஓய்வும்

கிரேக்கத் தீவுகளுக்கிடையே செல்வந்தர்கள் பாய்மர உல்லாசப் படகை வார வாடகைக்கு எடுத்துச் சுற்றி வருகிறார்கள். வேண்டுமெனில் மாலுமியும் சமையற்காரரும் உடன் வருவர். கடலே காணாத கொல்லிமலையில் நமக்குக் கிடைப்பது வாசலூர்பட்டிப் படகு இல்லமும் சற்று நேரத் துடுப்புச் சவாரியுமே. ஆயினும் இரண்டிடத்தும் எழும் கேள்வி ஒன்றுதான். நாம் விலைகொடுத்துப் பெறும் ஓய்வு யாருடைய ஓய்வு?

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறன்று, விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு மக்கள் சிலராகப் புறப்பட்டோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். (பாதிப் பேருக்குத் தலைசுற்றியது, அது தனிக்கதை.) மாலை மூன்று மணிக்குமேல் படகில் அமர்ந்தோம். படகோட்டியின் தூக்குவாளி கரையில் மரத்தடியில் திறக்கப்படாமலே இருந்தது.

"உங்களுக்கு லீவு எப்பங்க அண்ணே?" என்று கேட்டோம்.

"நல்லா மழை பிடிச்சா லீவுதாங்க" என்று சிரித்தார்.

திரும்பும் வழியில் இதுவே பேச்சாயிற்று. "நாம் போகாவிட்டால் அவருக்குக் கூலி ஏது?" என்றார் நண்பர் ஒருவர். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. சாமையும் மிளகும் விளையும் அம்மலையில், வருவோர் தரும் பணமும் அடுப்பெரிய உதவுகிறது. ஆனால் கூலி உழைப்புக்கு ஈடு. இழந்த ஓய்வுக்கு ஈடாகுமா? இணைச் சட்டம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனோடு நின்றுவிடவில்லை. அடிமையும் அந்நியனும் மாடும் கழுதையும்கூட ஓய்வுபெற வேண்டும் என்கிறது. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலும் ஞாயிறு ஓய்வை வலியுறுத்துகிறது.

நற்செய்தியிலும் ஓய்வுக்கான படகுப் பயணம் ஒன்று உண்டு. மாற்கு 6ஆம் அதிகாரத்தில், உண்பதற்கும் நேரமின்றிக் களைத்த சீடரை இயேசு படகேற்றித் தனிமையான இடத்திற்கு அழைத்துச் செல்கிறார். உண்ண நேரமில்லாதவருக்காகவே அந்தப் பயணம். எங்கள் பயணத்திலோ உண்ண நேரமில்லாதவர் துடுப்புப் போட்டார்.

"நீங்கள் சாப்பிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம். எங்களுள் எவருக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் கரையேறியதும் வரிசையில் நின்ற அடுத்த குடும்பத்தை அவர் ஏற்றிக்கொண்டார். தூக்குவாளி மரத்தடியிலேயே இருந்தது.