எந்த வருஷத்து வர்ணம்

பழுதுபார்ப்பது வேறு, பழைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு. முன்னதில், ஒரு பொருள் நாளைக்கு உபயோகப்பட வேண்டும் என்பதைத் தவிர வேறு கொள்கை எதுவும் தேவையில்லை. பின்னதில் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பழைய நிலை என்று ஒன்று தனியாக இல்லை. பல பழைய நிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அசல் என்று முடிவு செய்து, மற்றவற்றைச் சுரண்டி எடுத்துவிடுகிறோம். இந்த முடிவை யார் எடுக்கிறார்கள், எந்த உரிமையில் எடுக்கிறார்கள் என்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாகவே நம்மிடையே பேசப்பட்டு வந்திருக்கிறது. ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எனக்குப் படுகிறது. கோயில், கோட்டை போன்ற பெரிய உதாரணங்களைச் சற்றுத் தள்ளிவைத்து, ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்க்கலாம்.

1

சைக்கிள் என் தாத்தாவுடையது. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ், அறுபதுகளின் தொடக்கத்தில் வாங்கியது. 28 அங்குலச் சக்கரம், ராட் பிரேக், கறுப்பு இனாமல், மட்கார்டில் பொன்னிறக் கோடு. 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் 44 செ.மீ. மழை பெய்தது. கொல்லைத் தாழ்வாரத்தில் சாத்தியிருந்த சைக்கிள் செயின் கவர் வரை தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு கவிழ்த்துப் பிடித்தபோது சீட் குழாய் வழியாகத் துரு கரைந்த தண்ணீர் கொட்டியது. வெளியே அடிக்கும் வர்ணம் குழாயின் உட்புறத்தை ஒன்றும் செய்வதில்லை. சைக்கிள் உள்ளிருந்துதான் சாகிறது.

கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் வங்கி விட்டு வந்தபின் எனக்கு இதுதான் வேலை. சைக்கிள் கடைக்காரர் எழுபதை நெருங்கியவர். முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, ஒரிஜினலா ஆக்கணுமா, ஓட்டுற மாதிரி ஆக்கணுமா?" தத்துவ நூல்கள் அத்தியாயக் கணக்கில் பேசுவதை அவர் வேலைக்கு எஸ்டிமேட் போடுவதற்காகக் கேட்டார். முன்னதற்கு அதிகச் செலவாகும்.

நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்தோம். பெடல் கிராங்கைப் பிடித்திருந்த காட்டர் பின் சுத்தியலுக்கும் அசையவில்லை. துளை போட்டு எடுத்தார். ரிம், ஸ்போக், டயர், ட்யூப், செயின், பிரீவீல், பெடல், பால்ரஸ் எல்லாம் புதிது. மிஞ்சியது பிரேம், போர்க், ஹேண்டில்பார், மட்கார்டு, செயின் கவர், மணியின் கிண்ணம். துருவைக் கம்பி பிரஷ்ஷால் உரசி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்ஸைடு பூசி, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, அதன்மேல் இனாமல். ஈரக்காற்றில் இனாமல் அடித்தால் பளபளப்பு செத்து வெளுத்துப்போகும் என்பதால் வர்ணத்துக்குத் தை பிறக்கக் காத்திருந்தோம்.

இத்தனையும் மாற்றிய பிறகு இது அதே சைக்கிளா என்று கேட்கலாம். புளூட்டார்க் சொன்ன தீஸியஸின் கப்பல் இது. 1655இல் ஹாப்ஸ் இந்தப் புதிரை இன்னும் முறுக்கினார்: கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால், எது தீஸியஸின் கப்பல்? ஆனால் எங்கள் ஊர்க் கடையில் ஹாப்ஸின் இரண்டாவது கப்பல் உருவாக வழியில்லை. கழற்றிய பால்ரஸில் தேறியது வேறொரு சைக்கிளுக்குப் போகிறது. பழைய ட்யூப் வாராகி மூட்டை கட்டுகிறது. அடையாளம் பற்றிய இந்தப் புதிர், கழித்ததைச் சேர்த்துவைக்க இடமும் ஓய்வும் உள்ள இடத்தில் எழும் புதிர். எனக்கு வந்த சிக்கல் வேறு.

2

சிக்கல் செயின் கவரில் இருந்தது. சொந்தக்காரர் பெயரைச் சைக்கிளில் எழுதிவைப்பது அக்காலத்து வழக்கம். தாத்தாவின் இனிஷியல், பெயர், பெயரை ஒட்டி ஜாதிப் பட்டம். மஞ்சள் இனாமலில், கட்டை எழுத்தில். பெயர் எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டத்தின்மேல் மட்டும் நீல வர்ணத்தில் ஒரு பட்டை. எழுபதுகளின் கடைசியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பா அடித்தது அது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை என்றும், ஒரு மாதம் சைக்கிளைத் தொடவில்லை என்றும் வீட்டில் சொல்வார்கள். உப்புத்தாள் நீலத்தின் ஓரத்தைத் தொட்டதும் அடியிலிருந்து மஞ்சளாக ஓர் எழுத்தின் முனை தெரிந்தது. கடைக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அசல் நிலைக்குக் கொண்டுவருவதென்றால் நீலம் போக வேண்டும், பட்டம் வர வேண்டும். இதில் தர்க்கப் பிழை கிடையாது. கறுப்பும் பொன்னிறக் கோடும் எந்த வருஷத்தைச் சேர்ந்தவையோ அதே வருஷத்தைச் சேர்ந்ததுதான் பட்டமும். கோட்டை மீட்பேன், பட்டத்தை மீட்கமாட்டேன் என்றால் நான் அந்த வருஷத்துக்குத் திரும்பவில்லை. எனக்குப் பிடித்தமான, நடந்தேயிராத ஒரு வருஷத்தை ஜோடித்துக்கொள்கிறேன்.

அந்த வருஷத்தில் இன்னொருவரும் இருந்தார். தினமும் அந்தச் சைக்கிளைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்தவர், எங்கள் வயலில் வேலை செய்தவர். நெல்மூட்டையைக் கேரியரில் கட்டி அரவை மில்லுக்குத் தள்ளிக்கொண்டு போவார். தெருமுனை தாண்டிய பிறகுதான் ஏறி மிதிப்பார் என்று அப்பா சொல்கிறார். செருப்புக்கும் குடைக்கும் சைக்கிளுக்கும் தமிழ்நாட்டுக் கிராமத் தெருக்களில் இந்த விதி இருந்தது. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டியதற்காக அடிவாங்கியவர்களைப் பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்திருக்கின்றன. பொன்னிறக் கோடு பளபளத்தது அவர் துடைத்ததனால். பழைய பொருளின் அழகு என்று நாம் சொல்வதில் எத்தனை பங்கு பிறர் உழைப்பு என்பதைப் பொருள் சொல்வதில்லை.

3

பழையதைப் புதுப்பிப்பது பற்றி ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சண்டை நடந்தது. ரஸ்கின் 1849இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில், புதுப்பித்தல் என்பது ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய அழிவுகளிலேயே மோசமானது, அடிமுதல் நுனிவரை பொய் என்று வாதித்தார். அன்றாடம் ஒழுங்காகப் பராமரித்தால் புதுப்பிக்கவே தேவையிராது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியில் பிரெஞ்சுக்காரர் வியோலே-லெ-டுக். புதுப்பிப்பது என்றால், எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையான நிலையைக்கூட ஒரு கட்டடத்துக்குக் கொடுப்பது என்று தயக்கமில்லாமல் சொன்னவர்.

வியோலே-லெ-டுக்கின் சீடர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சீர்காழிக்குக் கிழக்கே பூம்புகாரில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தவை செங்கல்லால் ஆன ஒரு படகுத்துறை, ஒரு பௌத்த விகாரையின் அடித்தளம். 1973இல் அங்கே எழுந்தது எழுநிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடம். காவியத்தைப் படித்து எழுப்பிய கட்டடம். கிடைத்த செங்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு கடற்காற்றில் அதுவும் பழுதாகி, அதையே புதுப்பிக்க வேண்டி வந்தது. இல்லாத அசலின் பிரதிக்கும் இப்போது ஓர் அசல் உண்டு, 1973.

ரஸ்கின் பக்கம் சாய்வது எழுத்தாளர்களுக்கு இயல்பு. தழும்பு, தேய்வு, பாசி இவற்றில் நமக்கு ஒரு மோகம் இருக்கிறது. ஆனால் இந்த மோகமும் விலைக்குப் போய்விட்டது. துருவோடும் உதிர்ந்த வர்ணத்தோடும் பழைய சைக்கிள்களை வாங்கி நகரத்து உணவு விடுதிகளின் வாசலில் பூச்சட்டி மாட்டி நிறுத்துகிறார்கள். மேலும், கடல் அருகில், ஐப்பசியில் சுவரே வியர்க்கும் ஊரில், துருவை வரலாறு என்று கும்பிட முடியாது. துரு எதையும் நினைவில் வைப்பதில்லை, தின்றுவிடுகிறது. கறுப்பு இனாமலையும் மஞ்சள் எழுத்தையும் நீலப் பட்டையையும் பேதமில்லாமல் தின்னும். இரும்புக்கு இங்கே வர்ணம் அவசியம். அந்த அளவில் ரஸ்கினோடு எனக்கு உடன்பாடில்லை.

கோயில்களின் வழி மூன்றாவது. கும்பாபிஷேகம் எந்த வருஷத்துக்கும் திரும்புவதில்லை. தெய்வத்துக்கு வருஷம் கிடையாது என்பதால் ஜீரணித்ததைப் புதிதாக்குகிறது, அவ்வளவுதான். அசல் என்ற பாவனை அதில் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதுவும் சேதமில்லாத வழி அல்ல. மணலைப் பீச்சியடித்துக் கல்லைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்துபோன கோயில்கள் உண்டு. 2023 மே மாதம் சட்டைநாதர் கோயில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முந்தைய மாதம் யாகசாலைக்காக மண் எடுத்தபோது இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கும் மேலும் வெளிவந்தன. புதுப்பிக்கிற கைக்கு எட்டாமல் மண்ணுக்குள் கிடந்ததால், அவற்றின்மேல் யாருடைய வருஷமும் ஏறவில்லை.

4

அசல் என்பது ஒரு தீர்ப்பு என்று சொன்னால் மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம். சைக்கிளின் சரித்திரத்தில் இது ஏறத்தாழ எழுத்துப்பூர்வமாகவே நடந்திருக்கிறது. பிரான்ஸில் ஷார்ல் மோஷே என்பவர் ஒரு விசித்திரமான சைக்கிளைச் செய்தார். ஈஸிசேரில் சாய்ந்த மாதிரிப் பின்னுக்குச் சாய்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். காற்றின் எதிர்ப்பு குறைவு. 1933 ஜூலை 7ஆம் தேதி பாரிஸில் பிரான்சிஸ் போர் என்ற இரண்டாம் தரப் பந்தயக்காரர் அதில் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் யாரும் தொடாதிருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை விழுந்தது. அடுத்த வருஷம் சர்வதேச சைக்கிள் சங்கம் சைக்கிள் என்றால் எது என்பதற்கு ஒரு வரையறை எழுதியது. சீட்டுக்கும் பெடலுக்கும் உள்ள உறவை அளவுகளால் கட்டி, மோஷேயின் வண்டியை வெளியே தள்ளியது. சங்கத்தின் பந்தயங்களில் இன்றும் அதற்கு இடமில்லை. சைக்கிளின் உருவம் ஒரு குறிப்பிட்ட காலத்தில் அறுதியானது என்று, ஓடி ஜெயித்த ஒன்றை விலக்கித்தான் முடிவு செய்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பழைய சாய்வு சைக்கிள் ஐரோப்பாவில் யாருக்காவது கிடைத்து, பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்து அதைப் புதுப்பித்து வர்ணம் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலவும் தனிப்பட்டறைகளில் கையால் செய்தவை. அவருக்குத் துணையாகக் காட்லாக் இராது. என்ன வர்ணம் என்று சொல்ல கம்பெனி இராது. ஒவ்வொரு கட்டத்திலும் அவரே முடிவு செய்தாக வேண்டும், செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியவும் தெரியும். என் ஹெர்குலிஸ் லட்சக்கணக்கில் வந்த உருவம். அதன் வர்ணம், கோடு எல்லாம் முன்பே முடிவாகிவிட்டவை போன்ற பிரமையைத் தருகிறது. அந்தப் பிரமையில் மறைந்துகொண்டு, நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை, இருந்தபடி ஆக்கினேன் என்று சொல்லிவிடலாம். அதைத்தான் ஒழுக்கக் கேள்வி என்றேன்.

5

நமக்கு இதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது; பட்டறையில் அல்ல, பதிப்பில். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது அவர் முன் இருந்தவை சிதைந்த, ஒன்றோடொன்று முரண்படும் ஏடுகள். ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைத்தார். விட்ட பாடங்களை எறிந்துவிடாமல் பிரதிபேதம் என்று அடியில் வைத்தார். தேர்வு அவருடையது, ஆனால் அதைத் திருத்துவதற்கான சாட்சியங்கள் நம் கையில். ரோமில் ஓவியங்களைப் பாதுகாக்கும் நிறுவனத்தை நடத்திய செஸாரே பிராண்டி வழிவந்தவர்கள் செய்வதும் இதுதான்: ஓவியத்தில் உதிர்ந்த இடத்தைச் சன்னமான செங்குத்துக் கோடுகளால் நிரப்புகிறார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டப்போனால் நிரப்பிய இடம் தெரியும். ஒட்டுப்போட்டதை மறைக்காத ஒட்டு.

பிரேமுக்கும் மட்கார்டுக்கும் கறுப்பு அடித்தோம். பொன்னிறக் கோடு வேண்டாம் என்றேன். கடைக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம். செயின் கவரை மட்டும் இருந்தபடி கழுவித் துடைத்து, நிறமில்லாத வார்னிஷ் பூசினோம். தாத்தாவின் பெயர் இருக்கிறது. அப்பாவின் நீலம் இருக்கிறது. நீலத்தின் ஓரத்தில் உப்புத்தாள் பட்ட இடத்தில் ஓர் எழுத்தின் முனையும் இருக்கிறது. கவரின் உட்பக்கம், செயின் மறைக்கும் இடத்தில், வர்ணம் அடித்த வருஷத்தைச் சிறியதாக எழுதச் சொன்னேன்: 2023 தை.

இது நியாயமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். முழுமையானது என்று சொல்லமாட்டேன். பிரதிபேதம் எழுத்து வைத்துவிட்டுப் போனவர்களுக்குத்தான் கிடைக்கும். தாத்தா மஞ்சளில் எழுதினார், அப்பா நீலத்தில் அடித்தார், நான் உட்பக்கத்தில் தேதி போட்டேன். இருபது வருஷம் அதைத் துடைத்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனவருடைய அடையாளம் எந்தப் பூச்சிலும் இல்லை. துடைப்பது தடயம் வைக்காத வேலை. எந்த வருஷத்துக்குத் திரும்பினாலும், எவ்வளவு ஜாக்கிரதையாகச் சுரண்டினாலும், அவர் கிடைக்கமாட்டார். மிச்சமிருப்பதைக் காப்பாற்றும் கலை எதுவும், மிச்சம் வைக்க முடிந்தவர்களுக்கே விசுவாசமாக இருக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.