சிக்ஷா

1920இல் அம்பேத்கர் தொடங்கிய ‘மூக்நாயக்’ ஏட்டை மராத்தியிலேயே வாசித்துவிட வேண்டுமென்று எனக்கொரு ஆசை. அதற்காக நாக்பூர்த் தோழர் ஒருவரோடு கைப்பேசியில் மராத்தியில் எழுதிப் பழகுகிறேன். ஒருநாள், ‘நம்ம பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது சிக்ஷா’ என்று எழுதினேன். இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. மராத்தியில் அதே சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். கல்விக்கு அங்கே சிக்ஷண். (தமிழிலும் சிட்சை தண்டனைதானே. எம்.ஏ. தமிழ் படித்தும் கோட்டை விட்டேன்.) தோழர் சிரிக்கவில்லை, திருத்தவுமில்லை. ‘ஏன், பிள்ளைங்க என்ன தப்பு பண்ணுனாங்க?’ என்று கேட்டார். உறைத்தது. நானே மாற்றி எழுதினேன்.

உரையாடலை ஆராய்ந்த ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் இதைத்தான் எழுதினார்கள்: பேசியவரே தன்னைத் திருத்திக்கொள்ள எதிராளி இடம் விடுவதுதான் பேச்சின் வழக்கம். ஒரு விலக்கும் சொன்னார்கள். குழந்தையிடமும், இன்னும் தேர்ச்சி பெறாதவரிடமும் எதிராளியே திருத்துவது கூடுதலாக இருக்கலாமாம். சரி, தேறாதவர் யார் என்று தீர்மானிப்பது யார்?

ஏழாம் வகுப்பில் ‘வூட்ல ஒரே வெசனம் சார்’ என்றேன். வாத்தியார் அதைத் திருப்பிச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார். சேரிப் பேச்சாம். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. விசனம் அகராதியில் இருக்கிற சொல்லென்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். தோழருக்கு நான் சொன்னது புரியவில்லை, கேட்டார். வாத்தியாருக்குப் புரிந்தது, திருத்தினார். தாய்மொழிக்குள்ளேயே நம்மை இன்னும் மொழி பழகுகிறவனாக நிறுத்தி வைக்கிற வேலை இது.

புரியாத இடத்திலெல்லாம் தோழருக்கு ‘ஹோ, ஹோ’ என்று போட்டுத் தப்பித்திருக்கிறேன். ஆமாம், ஆமாம் என்று அர்த்தம். முகம் தெரியாத எழுத்தில் அது சுலபம். எனக்கு விளங்கிவிட்டதென்று நம்பி அவரும் மேலே போவார். இது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் அம்மா தாலுகா ஆபீசில், கிளார்க் சொன்னது ஒன்றும் விளங்காமல், ‘சரிங்க, சரிங்க’ என்று தலையாட்டிவிட்டுப் பட்டா மனுவோடு வீடு திரும்பினாளே, அதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘இன்னொருக்கா சொல்லுங்க’ என்று கேட்பதற்கும் ஒரு தெம்பு வேணும். அந்தத் தெம்பை அவளிடமிருந்து பிடுங்கியது யார்?

இப்போது தோழர் தமிழ் பழகுகிறார். போன வாரம் ‘அம்மா வந்தான்’ என்று எழுதினார். எனக்குள்ளிருக்கிற வாத்தியார் உடனே விரலை நீட்டினார். நிறுத்திக்கொண்டு, ‘யாரு வந்தது தோழர், அம்மாவா, தம்பியா?’ என்று கேட்டேன்.