வென்றது நாம், தோற்றது அவர்களா?

2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள். கத்தார் நாட்டு லுசைல் அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின் இறுதிப் போட்டி. நம் நாட்டுக் கடிகாரம் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கோல்கள் முன்னணியில் இருந்த அர்ஜெண்டினாவை, எண்பதாவது நிமிடத்தில் ஒன்றும் அதற்கடுத்த நிமிடத்தில் ஒன்றுமாக அடித்து எட்டிப் பிடித்தார் பிரான்சு நாட்டு எம்பாப்பே. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று அடித்தார். எம்பாப்பே மீண்டும் ஒன்று அடித்தார். மூன்றுக்கு மூன்று. கடைசியில் பெனால்டி உதைகளில் நாலுக்கு இரண்டு என்று அர்ஜெண்டினா கோப்பையைக் கைக்கொண்டது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பதின்மூன்று வயதுப் பேரன் துள்ளிக் குதித்து, “நாம ஜெயிச்சுட்டோம்!” என்று கூவினான். உம்மாவின் மடியில் அரைத் தூக்கத்திலிருந்த அவன் தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டாள்: “காக்கா, நாம எப்ப அங்க போனோம்?”

வீடே சிரித்தது. ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வி எளிதில் விட்டுவிடத் தக்கதன்று. அது என்னை உறங்கவிடவில்லை. காரணம் இன்னொன்றும் உண்டு. அதே போட்டியின் தொடக்கத்தில், நவம்பர் 22ஆம் நாள், இதே அர்ஜெண்டினா சவூதி அரேபியாவிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. எங்கள் தெருவில் சிலருக்கு அன்று உள்ளூர மகிழ்ச்சி. அது வேறு கதை. அன்றைக்கும் இதே பேரன் இதே கூடத்தில்தான் இருந்தான். ஆட்டம் முடிந்ததும், “தோத்துட்டானுங்க” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்து போனான். நவம்பரில் ‘அவனுங்க’, டிசம்பரில் ‘நாம’. ஒரு மாதத்திற்குள் இலக்கணம் மாறிவிட்டது!

பேரனை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1976ஆம் ஆண்டில் ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் இதையே ஆராய்ந்து வெளியிட்டனர். பல்கலைக்கழக மாணவர்களிடம் அவர்கள் கல்லூரி அணி ஆடிய பந்தயங்களைப் பற்றிக் கேட்டபோது, வென்ற ஆட்டத்தைச் சொல்லுகையில் ‘நாங்கள்’ என்னும் சொல் மிகுதியாக வந்தது. வெல்லாத ஆட்டத்தைச் சொல்லுகையில் அது குறைந்தது. அணி வென்ற வாரத்துத் திங்கட்கிழமைகளில் கல்லூரிச் சின்னம் பொறித்த உடைகளை அணிந்து வந்த மாணவர் தொகையும் கூடிற்றாம். ஆகவே இது ஒரு சிறுவனின் குணமன்று. கூட்டமாகக் கூடும் மனிதனின் குணம்.

நம் தமிழில் இதற்கு ஒரு தனி நுட்பம் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது ‘நாம்’. கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது ‘நாங்கள்’. ஆங்கிலத்திலும் போர்த்துக்கீசியத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஆனால் சொல் ஒன்றானாலும், யாரைச் சேர்ப்பது யாரை நீக்குவது என்னும் கணக்கு எல்லா மனிதர் உள்ளத்திலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தக் கணக்கு எவ்வளவு கொடியதாகவும் ஆகக்கூடும் என்பதை அறிய, பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகருக்கு, 1950ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கு இக்காலத்தைப் போன்ற இறுதிப் போட்டி கிடையாது. நான்கு நாடுகள் ஒன்றோடொன்று ஆடி, புள்ளிகளின்படி வாகை சூட வேண்டும். பிரேசில் சுவீடனை ஏழுக்கு ஒன்று என்றும் ஸ்பெயினை ஆறுக்கு ஒன்று என்றும் வீழ்த்தியிருந்தது. உருகுவே ஸ்பெயினோடு சமன் செய்து, சுவீடனைத் தட்டுத் தடுமாறி மூன்றுக்கு இரண்டு என்று வென்றிருந்தது. கடைசி ஆட்டம் பிரேசிலுக்கும் உருகுவேக்கும். சமனாக முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்கு! இந்தப் போட்டிக்கென்றே எழுப்பிய மாரக்கானா அரங்கில் அன்று சீட்டு வாங்கி நுழைந்தோரே ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். மொத்தக் கூட்டம் இரண்டு லட்சத்தை எட்டியிருக்கும் என்பர். ஆட்டம் தொடங்குமுன்பே நகரத் தலைவர் ஒலிபெருக்கியில் தம் நாட்டு வீரர்களை வெற்றி வீரர்களாகவே வாழ்த்தினார். உலகக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் ஜூல்ஸ் ரிமே, பிரேசிலைப் பாராட்டிப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் உரையை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம்.

இடைவேளை கழிந்த இரண்டாவது நிமிடத்தில் பிரேசில் கோல் அடித்தது. 66ஆவது நிமிடத்தில், வலது ஓரமாக ஓடிவந்த கிக்கியா பந்தை நடுவே தள்ளிக் கொடுக்க, ஸ்கியாஃபினோ அடித்து உருகுவே சமன் செய்தது. அப்போதும் கோப்பை பிரேசிலுடையதே. 79ஆவது நிமிடத்தில் அதே கிக்கியா அதே ஓரமாக மறுபடியும் ஓடிவந்தார். முன்போலவே பந்து நடுவே வரும் என்று எண்ணிய பிரேசில் கோல்காப்பாளர் மொஆசீர் பார்போசா ஓர் அடி முன்னே நகர்ந்தார். கிக்கியா பந்தை நடுவே தள்ளவில்லை. கம்பத்துக்கும் காப்பாளருக்கும் இடையிலிருந்த அந்தச் சிறு வெளியில் உதைத்துவிட்டார்.

அதன்பின் நிகழ்ந்ததைப் பார்த்தோர் எல்லாரும் ஒரே சொல்லால்தான் குறித்தனர்: மௌனம். இரண்டு லட்சம் பேரின் மௌனம். எஞ்சிய நிமிடங்களில் எதுவும் மாறவில்லை. ரிமே எழுதி வைத்திருந்த உரை பையிலேயே கிடந்தது. சடங்கு ஏதுமின்றி, நெரிசலுக்கு நடுவே, உருகுவே அணித்தலைவர் ஒப்துலியோ வரேலாவின் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுக் கையைக் குலுக்கினார், அவ்வளவே.

மௌனம் குற்றமன்று. அழுகையும் குற்றமன்று. அன்றைக்கு அழுத இரண்டு லட்சம் பேரை எள்ளி நகையாடுவோர் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன். குற்றம் மறுநாள் தொடங்கிற்று. களத்தில் ஆடியவர் பதினொருவர். உச்சி மேல் தூக்கிவைத்துத் தலைசுற்றச் செய்தவர் கோடிப் பேர். பழியோ மூன்று பேர் தலைமேல் விழுந்தது: பார்போசா, பிகோடே, ஜுவெனால். மூவரும் கறுப்பின மக்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை பெறாது. அவர்களிலும் பார்போசாவின் தலைமேல் விழுந்தது இறங்கவே இல்லை. அணியின் வெள்ளைச் சட்டைகூடப் பழிக்கு ஆளாகி, அதற்குப் பதிலாக மஞ்சள் சட்டை வந்தது. சட்டையை மாற்றிக்கொள்ளலாம், பார்போசா தம் தோலையும் பெயரையும் எப்படி மாற்றுவார்? தம் நாட்டுச் சட்டத்தில் மிகப் பெரிய தண்டனையே முப்பது ஆண்டுதான், தாமோ ஐம்பது ஆண்டுகளாக அனுபவித்து வருவதாக அவர் முதுமையில் சொன்னார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், 79ஆம் வயதில் காலமானார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘இதற்கெல்லாம் வேர், உதைக்காதவன் “வென்றோம்” என்று சொல்வதுதான். நாற்காலியில் சாய்ந்திருந்தவனுக்கு வெற்றி ஏது, தோல்வி ஏது? பொய்யான அந்த “நாம்” ஒழிந்தால் பழியும் ஒழியும்’ என்பர் சில அறிஞர். கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கிறது. ஆயினும் எனக்கு உடன்பாடில்லை. மகள் தேர்வில் முதலாவதாக வந்தாள் என்று தெருவெல்லாம் மிட்டாய் வழங்குகிற தாய், தேர்வு எழுதினாளா? ஊர்ப் பையன் ஒருவன் கப்பல் தலைவனானால் ஊரே நிமிர்ந்து நடப்பதில்லையா? தன் கையால் செய்ததற்கு மட்டுமே மகிழ வேண்டும் என்றால், மனித வாழ்வில் பாதி மகிழ்ச்சி பறிபோய்விடும். பார்வையாளனின் ‘நாம்’ பொய்யன்று. அது ஓர் ஒப்பந்தம்.

நம்மவர்களில் பலர் வணிகர்கள். கூட்டு வணிகம் இன்னதென்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இலாபம் வந்தால் பங்கு எனக்கு, நட்டம் வந்தால் அது கடையில் நிற்பவனுக்கு என்று ஒருவன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தால், அவனைப் பங்காளி என்போமா? பேரேட்டைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவோம். மாரக்கானாவில் நடந்தது இதுவே. வெற்றி வரும் என்றிருந்தவரை கோடிப் பேரும் பங்காளிகள். வராதபோது, நட்டம் முழுவதும் ஒரே ஒருவர் கணக்கில் எழுதப்பட்டது.

அப்படியானால் ஆடுபவன் தவற்றைச் சுட்டவே கூடாதா என்றால், கூடும். பார்போசா ஓர் அடி நகர்ந்தது உண்மை. அது பிழைக் கணிப்பு என்று சொல்ல எவர்க்கும் உரிமையுண்டு. ஆனால் ‘நாம் அந்த இடத்தில் தவறிவிட்டோம்’ என்று சொல்வதற்கும், ‘அவன் நம்மைக் கெடுத்தான்’ என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு பெரிது. தந்தை மகனை வீட்டுக்குள் கடிந்துகொள்வது வேறு. தெருவில் நின்று ‘இவன் என் பிள்ளையல்லன்’ என்பது வேறு. இக்காலத்திலும் இரண்டாவதே மலிந்திருக்கிறது. லுசைல் அரங்கில் பெனால்டி உதையைக் கோலாக்கத் தவறிய பிரான்சு வீரர்களான கோமானும் சுவாமெனியும் அன்றிரவே நிறத்தைச் சொல்லி இழிக்கப்பட்டனர். இழித்தவர்களில் எத்தனை பேர், அந்த எண்பதாவது நிமிடத்தில் ‘நாம்’ என்று துள்ளியவர்களோ!

தோல்வியிலும் ‘நாம்’ என்று நிற்கக் கூட்டத்தால் இயலாது என்று எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் இரவு நடந்ததைச் சொல்கிறேன். லீக் போட்டியின் கடைசி ஆட்டம். லிவர்பூல் அணியின் சொந்த அரங்கமான ஆன்ஃபீல்டில், லண்டன் நகர ஆர்சனல் அணியோடு. ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டுமே வாகை அதற்கு, இல்லையேல் லிவர்பூலுக்கு. 52ஆவது நிமிடத்தில் ஆர்சனல் ஒரு கோல் அடித்தது. தொண்ணூறு நிமிடமும் கழிந்து, நடுவரின் ஊதலுக்காக எல்லாரும் காத்திருந்த நேரத்தில், மைக்கேல் தாமஸ் இரண்டாவதை அடித்தார். இரு அணிகளும் 76 புள்ளி; கோல் வித்தியாசமும் சமம்; மொத்தத்தில் அதிகக் கோல் அடித்ததனால் ஆர்சனலுக்கு வாகை.

அதற்கு ஆறு வாரம் முன்னர்தான், ஏப்ரல் 15ஆம் நாள், ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் அன்பர்கள் மாண்டனர். காயத்தால் பின்னர் இறந்தோரையும் சேர்த்து 97 பேர். மாண்டவர்களின் கூட்டத்தார் மீதே பழி சுமத்தவும் பட்டது. அக்கூட்டத்தார் மீது குற்றமில்லை என்று ஆய நடுவர் குழு தீர்ப்புரைக்க 2016ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. மே 26 அன்று ஆர்சனல் வீரர்கள் ஆட்டத்துக்கு முன் மலர்க்கொத்துகளோடு களம் புகுந்து, அரங்கின் நாற்புறமும் சென்று லிவர்பூல் மக்களிடம் கொடுத்தனர். ஆட்டம் முடிந்தபின், கடைசி நொடியில் கைநழுவிய வாகையைக் கண்ணால் கண்ட அதே மக்களில் பெருந்தொகையினர் வீட்டுக்கு ஓடிவிடவில்லை. நின்று, எதிரணிக்குக் கை தட்டினர். தம் வீரர்களில் ஒருவரையும் பலிகொடுக்கவில்லை.

உண்மைத் துயரைக் கண்டவர்கள் ஆதலால் ஆட்டத்துத் துயரின் அளவு அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்வர். இருக்கலாம். ஆனால் இதை நான் அரைமனத்தோடுதான் ஏற்கிறேன். தொண்ணூற்றேழு பேரைப் பறிகொடுத்தால்தான் மனிதனுக்கு இந்த நாகரிகம் வருமென்றால், அது மிகக் கொடிய விலை. மேலும், ரியோ நகரிலேயே இதற்கு ஒரு மறுசான்று இருந்தது. வென்ற அணியின் தலைவர் வரேலா, அன்றிரவு தம் அணியாரோடு கொண்டாடாமல் நகரின் மதுக்கடைகளில் சுற்றினார். அங்கே அழுதுகொண்டிருந்தவர்களிடையே போய் அமர்ந்தார். அவர் இன்னாரென்று தெரிந்தும் அம்மக்கள் அவரைத் தழுவிக்கொண்டு அழுதார்களாம். பின்னாளில் அவரே சொன்னது இது. இடத்தை நாம் ஒப்பமாட்டோம். செயலை ஒப்பாமலிருக்க முடியுமா? எதிரி அணித்தலைவனைத் தம் ‘நாம்’ என்னும் வட்டத்துக்குள் இழுத்துக்கொண்ட அந்த நகரம், தன் கோல்காப்பாளரை அந்த வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது!

பார்போசா தாமே சொன்ன நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆட்டம் முடிந்து இருபது ஆண்டுகள் இருக்கும். ஒரு கடையில் அவர் நிற்கையில், ஒரு பெண்மணி தம் சிறு மகனிடம் அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் நாடு முழுவதையும் அழ வைத்தவர் இவர்தாம் என்று சொன்னாராம். அந்தச் சிறுவன் 1950இல் பிறந்திருக்கவே இல்லை. ஆயினும் தாயின் சொல்லில் இருந்த அழுத நாட்டில் அவனும் ஒருவன். களத்தில் நின்று, வலைக்குள் கிடந்த பந்தைத் திரும்பிப் பார்த்தவர் மட்டும் அந்நாட்டில் சேரவில்லை. அன்றைக்கு அவரும்தான் அழுதிருப்பார். அதை அந்தச் சிறுவனிடம் சொல்லக் கடையில் ஒருவரும் இல்லை.