ஆகுமான காரியமும் அழகான காரியமும்

ஒரு காரியம் மார்க்கத்தில் ஆகுமானதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் நமக்கு மிகுந்த அக்கறை உண்டு. ஆகுமானதுதான் என்று ஆலிம்கள் சொல்லிவிட்டால் கேள்வி அத்துடன் தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம். தீரவில்லை. ஆகுமான அந்தக் காரியத்தை இந்த நேரத்தில், இந்த இடத்தில், இன்னார் கண்முன்னே செய்வது அழகுதானா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மையித்துக் கிடக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கல்யாணம் நடத்துவதை ஷரீஅத் தடுக்கவில்லை. ஆனாலும் நம் வீட்டுப் பெண்கள் அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிடுவார்கள். பந்தலில் விளக்கைக் குறைக்கச் சொல்வார்கள். பத்வா கேட்டுக்கொண்டு யாரும் இதைச் செய்வதில்லை.

சரி, அந்தத் துக்க வீட்டுக்காக வேறு சிலர் வந்து, "கொன்றவன் உங்கள் கூட்டத்தான். ஆகவே இந்தத் தெருவிலேயே நீங்கள் இருக்கக் கூடாது" என்று சொன்னால் என்ன செய்வது? அப்பொழுதும் விட்டுக்கொடுத்து வெளியேறுவதுதான் அழகா? 2010-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து முஸ்லிம்கள் முன் வந்து நின்றது இந்தக் கேள்விதான். அது ஓய்ந்து வருடங்கள் பல ஆகிவிட்டன. சத்தம் அடங்கிய பிறகே சில விஷயங்களை நிதானமாக யோசிக்க முடிகிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுவோம். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபோது, விமானமொன்றின் சக்கரப் பகுதி இரண்டு தெரு தள்ளி பார்க் பிளேஸ் என்னும் தெருவிலிருந்த ஒரு பழைய ஆடைக் கடையின் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. பின்னர் கடை மூடிக் கிடந்தது. 2009 ஜூலையில் ஒரு முஸ்லிம் கட்டிட முதலீட்டாளர் 48 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து அதை வாங்கினார். அதே பகுதியில் நீண்ட காலம் இமாமாக இருந்த பைசல் அப்துர் ரவூஃப் அவர்கள் இந்த முயற்சிக்கு முகமாக விளங்கினார். சுமார் 13 மாடிகள். அதில் தொழுமிடம், நீச்சல் குளம், விளையாட்டுக் கூடம், 500 பேர் அமரும் அரங்கம், செப்டம்பர் 11-இல் மாண்டவர்களுக்கு ஒரு நினைவிடம் ஆகியவை அமையும் என்றார்கள். எல்லாச் சமயத்தாரும் வந்து போகும் சமூக மையம் என்பது திட்டம். முதலில் சூட்டிய பெயர் "கொர்தோபா இல்லம்."

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டிலேயே அந்தப் பழைய கட்டிடத்தில் ஜும்ஆ தொழுகை நடக்கத் தொடங்கிவிட்டது. அந்த டிசம்பரில் நியூயார்க்கின் பெரிய நாளிதழ் இதைப் பற்றி விரிவாகவே எழுதியது. பெரிய எதிர்ப்பு ஒன்றும் எழவில்லை. 2010 மே 25-இல் உள்ளூர்ப் பேட்டைக் குழு 29 பேர் ஆதரவாகவும், ஒருவர் எதிராகவும், 10 பேர் வாக்களிக்காமலும் திட்டத்தை ஏற்றுக்கொண்ட சமயத்தில்தான் கூச்சல் கிளம்பியது. அது தேர்தல் வருடம். எங்கோ இருந்த அரசியல்வாதிகளுக்கெல்லாம் அந்தத் தெருவின் பெயர் மனப்பாடமாயிற்று. ஐந்து மாதமாக வலிக்காத புண், மேடை போட்டதும் வலிக்கத் தொடங்கிவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் முழுப் பொய்யும் ஆகாது.

ஏன் முழு உண்மையாகாது என்றால், பிள்ளையை இழந்த தாயின் வேதனை அரசியல்வாதி கிளப்பிவிட்டதல்ல. அன்று மாண்டவர்களில் பலருடைய உடலின் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெற்றோருக்கு அந்த வட்டாரம் முழுவதுமே கபுரஸ்தான். அவர்களில் சிலர், "உங்களுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. வேறிடம் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். இப்படிக் கேட்டவர்களை முஸ்லிம் விரோதிகள் என்று நாம் ஒதுக்கிவிட்டால் அது அநியாயம். முஸ்லிம் பத்திரிகைகளிலும் அப்படி எழுதியவர்கள் உண்டு.

ஆனால் துக்கம் ஒரே குரலில் பேசவில்லை. உறவினரை இழந்த குடும்பத்தார் சிலர் அமைத்திருந்த அமைதிச் சங்கம் ஒன்று இந்த மையத்தை வெளிப்படையாக ஆதரித்தது. மாண்டவர்களில் பல பத்து முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தென் கோபுரத்தின் 17-ஆவது மாடியில் ஒரு தொழுகை அறையே இருந்தது. காவல்துறைப் பயிற்சியாளராக இருந்த முஹம்மது சல்மான் ஹம்தானி என்ற 23 வயது இளைஞர், மருத்துவ உதவிப் பயிற்சி பெற்றவர், காயம்பட்டோரைக் காப்பாற்ற அங்கே ஓடி உயிரிழந்தார். உடல் கிடைக்கும்வரை அவரைச் சந்தேகத்துக்குரியவராகச் சிலர் பேசினார்கள். 2002-இல் அவருடைய ஜனாஸாவுக்கு நகர மேயரே வந்து நின்றார். ஆகவே நாம் சொன்ன உவமையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: அடுத்த வீட்டிலும் ஒரு மையித்து இருந்தது.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

கஃபத்துல்லாவின் ஒரு பக்கத்தில் அரைவட்டச் சுவர் ஒன்று இருப்பதை ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கண்டிருப்பார்கள். ஹிஜ்ரு இஸ்மாயீல் என்பார்கள். தவாபு செய்வோர் அதற்கு வெளியேதான் சுற்ற வேண்டும். உள்ளே புகுந்து சென்றால் சுற்று நிறைவேறாது. காரணம், அது கஃபாவைச் சேர்ந்த இடம். நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இட்ட அஸ்திவாரம் அதுவரை நீண்டிருந்தது. குறைஷிகள் புதுப்பித்துக் கட்டும்போது பணம் போதாமல் அந்தப் பகுதியை வெளியே விட்டுவிட்டார்கள். இதைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த பதில் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. குறைஷிகள் அறியாமைக் காலத்தை விட்டு இப்பொழுதுதான் வந்திருக்கிறார்கள், அவர்களுடைய உள்ளம் இதை ஏற்க மறுக்கும் என்ற அச்சம் இல்லையானால், அந்தப் பகுதியைக் கஃபாவுடன் சேர்த்துக் கட்டியிருப்பேன் என்பது அதன் கருத்து. பின்னாளில் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் சேர்த்துக் கட்டினார்கள். ஹஜ்ஜாஜ் அதை இடித்துப் பழையபடியே ஆக்கினான். இன்றும் அது வெளியே நிற்கிறது. உள்ளங்கள் நோகாதிருக்க ஓர் உரிமை விட்டு வைக்கப்பட்டதை ஹாஜி ஒவ்வொருவரும் தம் காலாலேயே ஏழு தரம் சுற்றி வருகிறார்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜெரூசலத்தில் கிறிஸ்தவர்களின் புனித ஆலயத்தினுள் தொழ மறுத்து வெளியே படிக்கட்டில் தொழுத சம்பவத்தைக் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூட்டிகியஸ் எழுதி வைத்திருக்கிறார். தாம் தொழுத இடம் என்று சொல்லிப் பிற்கால முஸ்லிம்கள் அந்த ஆலயத்தைப் பறித்துக்கொள்வார்களோ என்று அஞ்சினார்களாம்.

இந்த இரண்டையும் எடுத்துக் காட்டி, "பார்த்தீர்களா, நியூயார்க்காரர்களும் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்" என்று சிலர் சொன்னார்கள். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். பிறகு யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் விட்டுக்கொடுத்தவர் கை மேலே இருந்தது. மக்கா வெற்றிகொள்ளப்பட்டுவிட்டது, ஜெரூசலம் பணிந்துவிட்டது. தடுக்க யாருமில்லாத நிலையில் தாமாகத் தடுத்துக்கொண்டார்கள். ஆகவே அது இஹ்ஸான். கை கீழே இருப்பவனை மிரட்டி வாங்கும் பொருளுக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியுமா?

ஹுதைபிய்யா இருக்கிறதே என்பீர்கள். உண்மை, அங்கே நெருக்கடியில்தான் விட்டுக்கொடுத்தார்கள். உடன்படிக்கையில் "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லை ஸுஹைல் ஆட்சேபித்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் அதை அழித்தார்கள். ஸஹாபாக்களின் நெஞ்சு கொதித்தது. ஆனால் நீங்கள் மறுத்தாலும் நான் அல்லாஹ்வின் தூதரே என்று சொல்லிவிட்டுத்தான் அழித்தார்கள். காகிதத்தில் எழுத்து போயிற்று, சத்தியம் போகவில்லை. மேலும் அங்கே எதிரே ஒரு கை இருந்தது. இந்த வருடம் திரும்பிப் போங்கள், அடுத்த வருடம் வந்து மூன்று நாள் தங்குங்கள் என்று வரையறை இருந்தது. நியூயார்க்கில் அந்த வரையறையை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு தெரு தூரம் போதாது என்றால் எத்தனை தெரு போதும்? நான்கு தெரு தள்ளி 1970 முதல் ஒரு பள்ளிவாசல் இருந்துகொண்டுதானிருந்தது. அதே கோடையில், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் டென்னஸி மாநிலத்து மர்ஃபிரீஸ்பரோவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இஸ்லாமிய மையத்தின் கட்டுமான இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். இஸ்லாம் ஒரு மதமே அல்ல என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். அங்கே எந்தக் கோபுரம் விழுந்தது? நியூயார்க்கிலேயே ஒரு டாக்சி ஓட்டுநர், நீ முஸ்லிமா என்று கேட்கப்பட்டு, ஆமென்றதும் கத்திக்குத்துப்பட்டார்.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க மாட்டார் என்பது திருமறை பல இடங்களில் அடித்துச் சொல்லும் நீதி. "எங்கள் மனம் நோகிறது" என்று கேட்பவருக்காக நகர்ந்தால் நாம் கொடுப்பது தயவு. "இந்தக் குற்றம் உங்களுடையது" என்பவருக்காக நகர்ந்தால் நாம் கொடுப்பது வாக்குமூலம். கால் நகர்வது ஒன்றேதான். ஆனால் கேட்டவர் யார், என்ன சொல்லிக் கேட்டார் என்பதைக் கொண்டு அதன் பொருள் தலைகீழாகிறது. நம்முடைய நிய்யத்து தயவாகவே இருந்தாலும், நாளைக்கு வேறோர் ஊரில் பள்ளிவாசல் கட்டப் போகும் ஏழை முஸ்லிமிடம், "அவர்களே ஒப்புக்கொண்டு போய்விட்டார்களே" என்பார்கள். அந்த முஸ்லிமுடைய உரிமையை விட்டுக்கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

போலந்தில் ஆஷ்விட்ஸ் சிறைமுகாமின் வேலியோரம், நச்சுவாயுப் பொருள் சேமித்து வைத்திருந்த கட்டிடத்தில் 1984-இல் குடியேறிய கார்மல் சபைக் கன்னியாஸ்திரீகள், யூதர்களின் வேதனையை முன்னிட்டு 1993-இல் போப்பின் சொற்படி வெளியேறியதையும் அப்பொழுது பலர் எடுத்துக் காட்டினார்கள். நல்ல உதாரணந்தான். ஆனால் அந்தக் கன்னியாஸ்திரீகளைப் போலந்தை விட்டே போகும்படி யாரும் சொல்லவில்லை. அவர்கள் தங்குவதற்குச் சற்றுத் தள்ளி ஒரு புதிய மடமும் கட்டப்பட்டது.

இவ்வளவு சொன்னபின் நம்மவர் தவறையும் மறைக்கக் கூடாது. மஷூரா என்பது வீட்டுக் காரியம் முதல் நாட்டுக் காரியம் வரை நமக்கு விதிக்கப்பட்ட ஒழுக்கம். பேட்டைக் குழுவிடம் போனார்கள், மேயருக்குத் தெரிந்திருந்தது. துக்கத்திலிருந்த குடும்பத்தாரிடம் முதலில் போய் உட்கார்ந்து, இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது, உங்களுக்கு எப்படிப்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டாமா? பெயரும் அப்படியே. கொர்தோபா என்றால் மூன்று சமயத்தாரும் கூடி வாழ்ந்த நகரம் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு கிறிஸ்தவ ஆலயம் இருந்த இடத்தில் எழுந்த பள்ளிவாசல் எதிர்த்தவர்களுக்கு நினைவு வந்தது. பெயர் வைக்குமுன் ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டிருந்தால் போதும். பிறகு "பார்க் 51" என்று மாற்றினார்கள். அதற்குள் தீ பரவிவிட்டது. இவ்வளவு வேதனை உண்டாகும் என்று தெரிந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன் என்றும், ஆனால் இப்பொழுது நகர்ந்தால் தீவிரவாதிகளுக்குத்தான் பலம் என்றும் இமாம் அவர்கள் அந்தச் செப்டம்பரில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தின் இரண்டு பாதியும் நமக்குச் சரியாகவே படுகின்றன.

அன்றைய ஜனாதிபதி ஒபாமா ஆகஸ்ட் 13 அன்று வெள்ளை மாளிகை இஃப்தாரில் முஸ்லிம்களுக்கு அந்த உரிமை உண்டு என்றார். மறுநாளே, அங்கே கட்டுவது விவேகமா என்பது பற்றித் தாம் ஒன்றும் கூறவில்லை என்று விளக்கம் கொடுத்தார். மேயர் புளூம்பெர்க் யூதர். அவர் மட்டும் பிசகாமல் நின்றார். இதைச் சொல்லாமல் விடுவது நன்றி மறப்பதாகும். அமெரிக்காவின் பெரிய யூத உரிமைச் சங்கமான அவதூறு எதிர்ப்புக் கழகமோ, சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் இடம் சரியில்லை என்று அறிக்கை விட்டது.

மையம் எழவில்லை. 2011 தொடக்கத்திலேயே முதலீட்டாளரும் இமாமும் பிரிந்தார்கள். பழைய கட்டிடத்தில் அந்தச் செப்டம்பரில் ஒரு சிறிய கூடம் திறக்கப்பட்டது. உலகின் பல நாட்டுக் குழந்தைகளின் படங்களை மாட்டியிருந்தார்கள். வாசலில் கூட்டம் ஒன்றும் மறிக்கவில்லை. பின்னர் கட்டிடத்தை இடித்து, அந்த மனையில் 40 மாடிக்கு மேல் உயர்ந்த பணக்காரர் குடியிருப்பு ஒன்றை எழுப்பினார்கள். மர்ஃபிரீஸ்பரோவின் பள்ளிவாசல் 2012 ஆகஸ்டில் திறக்கப்பட்டுத் தொழுகை நடந்து வருகிறது. 2021 செப்டம்பரில், அந்த யூதச் சங்கத்தின் தலைமை நிர்வாகி, அன்று தாங்கள் சொன்னது தவறு என்று எழுதி முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்டார்.